கடைசி வரியை முதலில் எழுதியவன்

எங்கள் பழைய கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். அதில் "என் எழுத்து அனுபவம்" என்று நான் ஒரு கட்டுரை தர வேண்டுமாம். கேட்டவர்கள் எல்லாரும் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள். கதை, கவிதை எழுதியவர்களிடம் கேட்க வேண்டியதை என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்று முதலில் புரியவில்லை. நான் எழுதியதெல்லாம் விபத்து அறிக்கை. யாருக்கு விரல் போனது, எந்த மெஷினில் போனது, ஏன் போனது என்று அரைப் பக்கம் எழுதி, மூன்று காப்பி எடுத்து வைப்பது. அந்த அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு நான் கொஞ்சம் அதிகமாகவே பெருமை அடித்திருக்கிறேன் போலிருக்கிறது. "ரிப்போர்ட் வேதாசலம்" என்ற பெயர் இன்னும் போகவில்லை.

மலர்க் குழுவில் ஒருவர் போனில் சொன்னார்: "இப்பல்லாம் கம்ப்யூட்டர்தான் சார். விபத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. தொட்டா கீழே வரிசையா வரும். ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா ரிப்போர்ட் முடிஞ்சுது." வரிசையில் முதலில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அந்த வரிசை என் மேஜைமேல் இருந்தது. அதில் அந்த ஒன்று மட்டும்தான் இருந்தது. சரி, அதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் சொந்த ஊர் திருநின்றவூர். பள்ளி இறுதி வகுப்பு முடித்து, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே தகுதியில், அறுபதுகளின் நடுவில் புதுவாயலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தொழிற்சாலையில் வருகையும் சம்பளமும் பார்க்கிற டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். சைக்கிளுக்கு மட்கார்டும் செயின் கவரும் செய்கிற இடம். தகட்டை வைத்து மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் வளைத்துக் கொடுக்கும் பிரஸ் மெஷின்கள் பன்னிரண்டு இருந்தன. வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பழவேற்காடு ஏரிப் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் சுற்றுவட்டாரத்தில் அதுவரை கழனி வேலை செய்துகொண்டிருந்தவர்கள். வலையும் மண்வெட்டியும் பிடித்த கைகள், ஒரு வாரப் பயிற்சியில் மெஷினுக்கு வந்துவிட்டன. எனக்கும் பயிற்சி ஒரு வாரம்தான். கார்பன் தாளை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரிந்ததும் முடிந்துவிட்டது.

டைம் ஆபீசுக்கு இரண்டு ஜன்னல். ஒன்று கேட்டைப் பார்க்கும், இன்னொன்று ஷெட்டைப் பார்க்கும். ஷெட் பக்கத்து ஜன்னலைச் சத்தம் தாங்காமல் நான் எப்போதும் சாத்தியே வைத்திருப்பேன். இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

விபத்து நடந்தால் முறை இதுதான். அடிபட்டவரை மேனேஜரின் காரிலேயே ஏற்றிச் சென்னைக்கு அனுப்புவார்கள். ஷிப்ட் மேஸ்திரி ஒரு துண்டுச் சீட்டில் பெயர், டோக்கன் எண், மெஷின் எண், நேரம் எழுதி அனுப்புவார். அடிபட்டவர் பேசும் நிலையில் இருந்தால் அவர் சொல்வதை நான் பென்சிலால், பழைய வருகைத் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். பிறகு மேஜையில் உட்கார்ந்து புல்ஸ்கேப் தாளில், மூன்று விரல் அகலம் ஓரம் விட்டு, நீலக்கறுப்பு மையில் செப்பமாக எழுதுவேன். கை வேர்த்துத் தாளில் ஒட்டாமல் இருக்க மணிக்கட்டுக்குக் கீழே ஒரு மைஒற்றும் தாள். எழுதி முடித்ததும் பென்சில் குறிப்பைக் கிழித்துப் போட்டுவிடுவேன். அறிக்கையை அடிபட்டவருக்குப் படித்துக் காட்டி, கையெழுத்தோ ரேகையோ வாங்குவேன். அதைப் பார்த்து டைப்பிஸ்ட் சர்க்கார் படிவத்தை இங்கிலீஷில் அடிப்பார். ஆக, மூலம் என்னுடையது.

மேனேஜர் பெயர் சுந்தரேசன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அடிபட்டவனைத் தன் காரில் அனுப்பிவிட்டு, சீட்டில் படிந்த ரத்தத்தைத் தானே ஈரத் துணியால் துடைப்பார், டிரைவரைத் துடைக்க விடமாட்டார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு தானே போவார். மனிதர் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தாளைக் கையில் கொடுத்தால் கீழ் ஓரத்தைப் பிடிப்பார். கட்டைவிரல் கடைசி வரிக்குக் கீழே நிற்கும். அதை மட்டும் படிப்பார்.

"காரணம் வந்துடுச்சா?" என்பார்.

"வந்துடுச்சு சார்."

"அப்ப சரி." கையெழுத்துப் போடுவார்.

எழுதுகிறவனுக்கு வாசகன் எப்படியோ அப்படித்தான் எழுத்தும் அமையும். நான் இரண்டாவது வருஷத்திலேயே கடைசி வரியை முதலில் எழுதக் கற்றுக்கொண்டேன். தாளின் அடியில் "ஆகவே மேற்படி விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் எனத் தெரியவருகிறது" என்று எழுதிவிட்டு, பிறகு மேலே போய் அந்த வரிக்கு வந்து சேருகிற மாதிரி மற்றதை எழுதுவேன். இடம் கச்சிதமாக அமையும், அடித்தல் திருத்தல் இருக்காது. அதை ஒரு வித்தை என்றே நினைத்திருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் இருக்கும். தானியேல் என்று ஒருவர், எளாவூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். அதிகம் பேசமாட்டார். நாலாம் நம்பர் பிரஸ்ஸில் அவருக்கு வலது கையில் இரண்டு விரல் போனது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடி என்னிடம் சொன்னார்:

"நான் மிதிக்கல சார். காலு தரையில்தான் இருந்துச்சு. அது தானா வந்து விழுந்துச்சு."

பென்சிலால் குறித்துக்கொண்டேன். மேஜைக்கு வந்ததும் எனக்கு அந்த வாக்கியம் பிடிக்கவில்லை. தானாக விழுந்தது என்றால் மேலே படிக்கிறவர் எப்படி, ஏன் என்று கேட்பார். கேள்வி கேட்க வைக்கிற அறிக்கை நல்ல அறிக்கை இல்லை என்பது என் கட்சி. அதனால் இப்படி எழுதினேன்: "காலை மிதியிலிருந்து எடுக்காத நிலையில், தகட்டைச் சரிசெய்யும் பொருட்டு வலது கையை அச்சின் உள்ளே செலுத்தியதால்." யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. மேனேஜர் சொல்லவில்லை, மேஸ்திரி சொல்லவில்லை. வாக்கியம் வழுக்கிக்கொண்டு போய்க் கடைசி வரியில் உட்கார்ந்தது, அந்தச் சந்தோஷத்துக்காக எழுதினேன். ஆஸ்பத்திரியில் படித்துக் காட்டினேன், தானியேல் இடது பெருவிரலை நீட்டினார்.

மேனேஜர் அதை மட்டும், என்னவோ, இரண்டு வரி மேலே இருந்து படித்தார். "இதுதான் ரிப்போர்ட்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அது. ஒரு கார்பன் காப்பியை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். அதற்குப் பிறகு எந்த விபத்து நடந்தாலும் அதைப் பார்த்துத்தான் எழுதினேன். பெயர் மாறும், நேரம் மாறும், மெஷின் எண் மாறும். மற்றது தானியேலுடையது. அப்படி நாற்பதுக்கு மேல் எழுதியிருப்பேன்.

தானியேலை மூன்று மாதத்தில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். தன் கவனக்குறைவால் அடிபட்டவருக்கு வேறு வேலை கொடுக்கக் கம்பெனி கட்டுப்பட்டதில்லை என்று விதி. அவர் கேட்டைத் தாண்டிப் போன அன்று நான் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்த்ததாக நினைவில்லை.

ஆறு வருஷம் கழித்துத் தேசப்பன் விஷயம் வந்தது. எழுபதுகள் வந்துவிட்டன, கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிது புதிதாகக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. எங்களுக்கும் ஆர்டர் ஏறியிருந்தது. தேசப்பன் பழவேற்காட்டுக்காரன். வாய் ஓயாது. ஏரியில் இறால் பட்ட கதையை வந்தவன் போனவனுக்கெல்லாம் சொல்லுவான். இடதுகைப் பழக்கம் உள்ளவன் என்பதால் ஷெட்டில் எல்லாரும் "பீச்சாங்கை" என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான். ஒரு வியாழக்கிழமை, காலை நாஷ்டாவுக்கு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, அவன் இடது கையில் மூன்று விரல் நசுங்கிவிட்டது.

மேஸ்திரியின் சீட்டு வந்தது. அதில் கை எது என்று இல்லை, "கை விரல் 3" என்று மட்டும் இருந்தது. ஷெட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். கண்ணாடிக்கு அடியில் எல்லாம் தயாராக இருக்கும்போது எதற்குப் போவது? கடைசி வரியை எழுதினேன், மேலே போய் மற்றதை எழுதினேன். அரை மணியில் முடிந்தது.

சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தேசப்பன் மயக்கமும் விழிப்புமாகக் கிடந்தான். இடது கையெல்லாம் கட்டு.

"படிச்சுக் காட்டட்டுமா தேசப்பா?"

"இன்னாத்த படிக்கப்போற சார்? நீ எழுதனா கரீட்டாத்தான் இருக்கும். வேலை இருக்குமா, அத்தச் சொல்லு."

"அதெல்லாம் மேனேஜர் பார்ப்பார்."

"ஊட்ல ஒரே பேஜாரு சார். நைனா படகை வித்துட்டுத்தான் என்னை இங்க சேத்து வுட்டாரு. திரும்பிப் போனா வலை இழுக்கக் கை லேது."

எங்கள் பக்கத்தில் பாதித் தெலுங்கு கலந்துதான் பேசுவார்கள். இல்லை என்பதை லேது என்று சொல்லிவிட்டு அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. கையெழுத்துப் போடுகிற கை கட்டுக்குள் இருந்தது. ஆண்களுக்கு இடது கைப் பெருவிரல் ரேகை வாங்குவதுதான் வழக்கம், அதுவும் கட்டுக்குள் இருந்தது. அதனால் நன்றாக இருந்த வலது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கினேன். வழக்கத்துக்கு மாறாக வாங்கினால் குறிப்பு எழுத வேண்டும். முறை தவறாதவன் அல்லவா, உடனே எழுதினேன்: "வலது கைப் பெருவிரல் ரேகை." அந்தக் குறிப்புக்கு நாலு வரி மேலே, அதே என் கையெழுத்தில், வலது கை நசுங்கியதாக எழுதியிருந்தது. என் கண்ணில் படவில்லை. மேனேஜர் கண்ணிலும் படவில்லை. அவர் கட்டைவிரல் வழக்கமான இடத்தில் நின்றது.

இரண்டு வாரம் கழித்துத் தொழிற்சாலை ஆய்வாளர் ஜீப்பில் வந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். மேனேஜர் அறையில் கோப்பை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது யார் எழுத்து?"

"என்னுதுங்க சார்."

"ரொம்ப நல்ல எழுத்து. ஒரு சந்தேகம். மேலே வலது கை நசுங்கிப்போச்சுன்னு இருக்கு. கீழே வலது கைப் பெருவிரல் ரேகைன்னு இருக்கு. கட்டைப் பிரிச்சா ரேகை வாங்கினீங்க?"

அவர் அதோடு விடவில்லை. பழைய அறிக்கைகளைக் கொண்டுவரச் சொன்னார். ஐந்தாறை மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினார். ஒன்றில் ஒரு வரியில் விரலை வைத்து, அப்படியே நேராக அடுத்த தாளுக்கு நகர்த்தினார். அதே வரி. அடுத்ததிலும் அதே வரி.

"இவங்க எல்லாம் அண்ணன் தம்பிங்களா? ஒரே மாதிரி கையை உள்ளே விட்டிருக்காங்களே."

மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு," என்றார் ஆய்வாளர். "இதுல பாதிக்கு மேல நாலாம் நம்பர் மெஷின். அந்த மெஷினுக்குப் போனா மட்டும் யாருமே கவனமா இருக்கறதில்லையோ?"

அந்த அறிக்கைகளில் நான் பார்த்து எழுதாதவை பெயரும் நேரமும் மெஷின் எண்ணும்தான், அவை மட்டும் உண்மை. ஆறு வருஷமாக நாலாம் நம்பர், நாலாம் நம்பர் என்று நான் எழுதிக்கொண்டே வந்தது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் வருவதாகவும், அதற்குள் அறிக்கையைச் சரியாக எழுதி வைக்கும்படியும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஜீப் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் சொன்னார்: "வேதாசலம், கையை மட்டும் மாத்துங்க. மத்தது அப்படியே இருக்கட்டும்." கோபமில்லை, வழக்கமான குரல்தான். அப்படியே இருந்தால் தேசப்பனுக்கு வேலை இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கும் இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். நான் "சரிங்க சார்" என்றேன்.

இங்கே என்னைப் பற்றி நல்லதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். கையை மட்டும் மாற்றத்தான் உட்கார்ந்தேன். கடைசி வரியை எழுதினேன். மேலே போய், "காலை மிதியிலிருந்து எடுக்காத நிலையில், தகட்டைச் சரிசெய்யும் பொருட்டு இடது கையை" என்று வந்ததும் பேனா நின்றுவிட்டது. மனசாட்சி வந்து பேனாவைப் பிடித்ததாகச் சொன்னால் பொய். வாக்கியம் நிற்கவில்லை, அவ்வளவுதான். தகடு மெஷினின் வலப் பக்கத்திலிருந்து போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படியானால் இடது கை எப்படி உள்ளே போகும்? அவன் எப்படி நின்றிருப்பான்? மிதி எந்தக் காலுக்கு? நாற்பது தடவை எழுதியிருக்கிறேன், ஒரு தடவை கூட அந்த மெஷின் முன்னால் நின்றதில்லை. வாக்கியத்தைச் சரிசெய்யத்தான் எழுந்து ஷெட்டுக்குப் போனேன்.

சாப்பாட்டு நேரம், மெஷின்கள் நின்றிருந்தன. தேசப்பன் அடிபட்ட நாலாம் நம்பரின் முன்னால் போய் நின்றேன். மேஸ்திரி பின்னாலேயே வந்தார். அவர் உள்ளூர்க்காரர், பயந்த சுபாவம். மற்ற மெஷின்களில் கைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. இதில் இல்லை, அது இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது.

"கம்பி எங்கே?"

"புது அச்சு பெருசு சார். கம்பி இருந்தா உள்ள போவாது. அதான் கழட்டி வெச்சிக்கீது."

"எப்போ கழட்டினது?"

"அடிபடறதுக்கு மூணு நாளு முன்னால." ஓட்டையை விரலால் தொட்டபடி, "அது இருந்தப்பவும் அடி பட்டுக்கினுதான் இருந்துச்சு சார். இந்த மெஷினுக்கு ரெண்டாவது அடி வரும்," என்றார்.

ரெண்டாவது அடி என்றால் என்ன என்று கேட்டேன். ஷெட்டில் எல்லாருக்கும் தெரிந்த சொல், ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை மிதித்தால் அச்சு ஒரு தடவைதான் இறங்க வேண்டும். இந்த மெஷினில் எப்போதாவது, மிதிக்காமலே மறுபடி ஒரு தடவை இறங்குமாம். உள்ளே ஏதோ ஸ்பிரிங் தேய்ந்திருக்கிறது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

ஓடவிடச் சொன்னேன். தகடு இல்லாமல், நானே நின்று மிதித்தேன். ஒரு மிதி, ஒரு அடி. காலை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுக் காத்திருப்பேன், மறுபடி மிதிப்பேன். முப்பது தடவைக்கு மேல் ஒன்றும் இல்லை. மேஸ்திரி சொன்னது கட்டுக்கதை என்று நினைத்துக்கொண்டு, அடுத்த மிதிக்கு முன் கையை நீட்டி அச்சின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. கை பாதி தூரம் போயிருக்கும். அச்சு தானாக வந்து விழுந்தது. என் இரண்டு காலும் தரையில் இருந்தன.

பயந்தேன், அதைச் சொல்லுவதில் வெட்கமில்லை. அதைவிட வெட்கமான விஷயம் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. "காலு தரையில்தான் இருந்துச்சு சார்." இதை எனக்கு ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவருக்குப் பிறகும் எத்தனையோ பேர் சொல்லியிருந்தார்கள். பென்சிலில் குறித்துக்கொண்டு, மையில் மாற்றிவிட்டு, குறிப்பைக் கிழித்துப் போட்டது நான்தான்.

மேஜைக்குத் திரும்பவில்லை. அங்கேயே ஒரு தகட்டுக் கட்டின்மேல் தாளை வைத்து எழுதினேன். மெஷினில் கம்பி இல்லை. ஓட்டை இரண்டு இருக்கிறது. நான் மிதித்தபோது ஒரு தடவை தானாக விழுந்தது. அப்போது என் கால் தரையில் இருந்தது. எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் பாலம் கிடையாது. மேற்படி இல்லை, பொருட்டு இல்லை. கையெழுத்தும் கோணல். பிறகு தேசப்பனைத் தேடிப் போனேன். அவன் அக்கா வீட்டில் புதுவாயலிலேயே தங்கியிருந்தான். அவன் எப்படி நின்றான், தகட்டை எப்படி எடுத்தான் என்று கேட்டு எழுதினேன். இடது கைக்காரன் என்பதால் அவன் மெஷினுக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் நிற்பானாம். விழுந்த தகட்டை எடுக்கக் கை போன நேரத்தில் ரெண்டாவது அடி வந்திருக்கிறது. முழுவதையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை அவன் கவனமாகக் கேட்டான்.

"நான் சொன்னது அப்டியே கீது சார். ஒண்ணு வுட்டுட்டே."

"என்ன?"

"கம்பி இல்லன்னு மேஸ்திரியாண்ட ரெண்டு தபா சொன்னேன். அத்தயும் எழுது."

மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "சொன்னான் சார். ஆர்டர் முடியட்டும்டான்னு நான்தான் சொன்னேன்." எழுதிக்கொள்ளட்டுமா என்றேன். தலையை ஆட்டினார். அதையும் எழுதினேன்.

மறுநாள் காலை தாளை மேனேஜரிடம் கொடுத்தேன். வழக்கம்போலக் கீழ் ஓரத்தைப் பிடித்தார். கட்டைவிரல் வழக்கமான இடத்துக்குப் போனது. அங்கே தேசப்பனின் ரேகையும் மேஸ்திரியின் கையெழுத்தும்தான் இருந்தன.

"கடைசி வரி எங்கே?"

"இல்லீங்க சார். மேலேருந்து படிக்கணும்."

அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாளை மேலே தூக்கி, முதல் வரியிலிருந்து படித்தார். ஒன்றரைப் பக்கம்தான், வெகு நேரம் எடுத்துக்கொண்டார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தித் திரும்ப மேலே போனார். முடித்ததும் தாளை உடனே கீழே வைக்கவும் இல்லை.

"நீங்களே மிதிச்சீங்களா?"

"ஆமாங்க சார்."

"கை?"

"பாதியில் இருந்துச்சுங்க."

கையெழுத்துப் போட்டார். அன்றே நாலாம் நம்பரை நிறுத்தச் சொல்லிவிட்டார். தேசப்பனுக்குக் கருவி அறையில் வேலை கிடைத்தது, வலது கையால் பழகிக்கொண்டான், வாய் மட்டும் பழையபடி. என்னை அடுத்த மாதம் ஸ்டோருக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷம் அங்கே ஆணியும் போல்ட்டும் எண்ணினேன். தண்டனையா என்று கேட்கக்கூடாது. மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மேனேஜர், எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. இரண்டு வருஷம் கழித்து என்னை மறுபடி டைம் ஆபீசுக்குக் கூப்பிட்டதும் அவர்தான். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை எழுதினேன். மெஷின் முன்னால் நின்ற பிறகே எழுதுவேன், முதல் வரியிலிருந்து எழுதுவேன், பென்சில் குறிப்பைக் கிழிக்கமாட்டேன். என் எழுத்து முறை என்று கேட்டால் இவ்வளவுதான். நடை என்னவோ பழைய நடை மாதிரி வரவில்லை.

கட்டுரையை இங்கே முடித்தால் நன்றாக இருக்கும். முடிந்தபாடில்லை.

ஸ்டோருக்கு மாறிய புதிதில் ஒருநாள் கேட்டில் யாரோ என்னைத் தேடுவதாகச் சொன்னார்கள். தானியேல். தலை நரைத்திருந்தது. எளாவூர் செக்போஸ்டில் நிற்கிற லாரிக்காரர்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையாம். தேசப்பனின் வாய்தான் சும்மா இருக்காதே, விஷயம் அங்கே வரை போயிருக்கிறது.

"என் பேப்பரு இன்னும் கீதா சார்?" என்று கேட்டார். "இன்னா எழுதிக்கீதுன்னு ஒரு தபா படிச்சுக் காட்டு."

டைம் ஆபீசுக்குப் போய், கண்ணாடியைத் தூக்கி, அடியில் இருந்த காப்பியை எடுத்தேன். ஆறு வருஷம் அழுந்திக் கிடந்ததால் ஒட்டிக்கொண்டு ஒரு மூலை கிழிந்தது. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று படித்துக் காட்டினேன். காலை மிதியிலிருந்து எடுக்காத நிலையில் என்ற இடம் வந்ததும் குரல் இறங்கிவிட்டது. அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"ஆஸ்பத்திரியில இத்தத்தான் படிச்சுக் காட்டின, இல்ல?" என்றார். "நல்லாத்தான் எழுதிக்கீறே. ஊட்டுக்காரி கேக்கும்போதெல்லாம் நானும் இத்தத்தான் சார் சொல்லிக்கினு கீறேன். நான்தான் கவனமில்லாம மிதிச்சிட்டேன்னு. மிதிச்ச மாதிரி ஞாபகமே இல்ல. ஆனா பேப்பர்ல எழுதிக்கீதே, படிச்சவங்க எழுதனது, அப்ப மிதிச்சித்தான் இருப்பேன்னு நெனச்சிக்கினேன். ஆறு வருசமா அவ திட்டும்போதெல்லாம் பேசாம இருந்துட்டேன்."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

"வேலை ஒண்ணும் வாணாம் சார். எழுதிக் குடு. அவளாண்ட காட்டணும்."

ஸ்டோர் சீட்டு ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில், என் முழங்காலில் வைத்து எழுதினேன். மூன்றே வரி. கார்பன் வைக்கவில்லை, அதற்குக் காப்பி எங்கும் கிடையாது. ஆனால் நான் எழுதியதில் மனப்பாடமாகத் தெரிவது அது ஒன்றுதான்:

"விபத்து நடந்த அன்றே தானியேல் என்னிடம், தான் மிதிக்கவில்லை, மெஷின் தானாக விழுந்தது என்று சொன்னார். அவர் சொன்னது உண்மை. அதை நான் எழுதவில்லை."

கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாங்கி, இரண்டு விரல் இல்லாத கையால் நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.